அலமாரியில் குவிமாடம், ஊரில் இடிபடும் கல்லுப்பள்ளி



நம் சமுதாயத்து இல்லங்கள் பலவற்றின் முன்கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கும். அதன் தட்டுகளில் இருக்கும் பொருட்களைப் பார்க்காமலேயே சொல்லிவிடலாம். உம்ரா சென்று வந்தவர் கொணர்ந்த கஅபாவின் சிறு உருவம். மதீனாவின் பச்சைக் குப்பா பொறித்த கடிகாரம். கல்லூரிச் சுற்றுலாவில் பிள்ளை வாங்கி வந்த தாஜ்மஹால். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்தவர் கொடுத்த அபுதாபிப் பெரிய பள்ளிவாசலின் பளபளக்கும் மாதிரி. திருமண வீடுகளில் வழங்கப்படும் நினைவுப் பரிசுகளிலும் இதே குவிமாடங்களும் மினாராக்களுமே பொன்முலாம் பூசப்பட்டு வருகின்றன.

இவற்றை வைத்திருப்பதில் குற்றம் காண்பது நம் நோக்கமன்று. புனிதப் பயணம் சென்றவர் தம் உறவினரை மறவாமல் ஒரு பொருளைச் சுமந்து வருவது அன்பின் அடையாளம். ஆனால், அந்த அலமாரியின் முன் நின்று நாம் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டியுள்ளது. நம் பாட்டனாரும் முப்பாட்டனாரும் ஐவேளை நெற்றி பதித்த நம் சொந்த ஊர்ப் பள்ளிவாசலின் ஒரு தூணேனும், ஒரு கதவேனும் அங்கே இடம்பெற்றிருக்கிறதா?

பெரும்பாலும் இல்லை. அது அலமாரியில் இல்லாதது சிறு குறைதான். ஊரிலேயே இல்லாமற்போய்க்கொண்டிருப்பதுதான் பெருங்குறை. இவ்விரண்டுக்கும் இடையே நெருங்கிய தொடர்பு உண்டு என்பதே நாம் இங்குக் கூற விரும்புவது.

நினைவுப்பொருள் என்பது ஒரு சாட்சி

ஒரு குடும்பம் எவற்றை நினைவில் நிறுத்தத் தகுந்தவை எனக் கருதுகிறது என்பதற்கு அதன் அலமாரி சாட்சி கூறும். அழகிய பள்ளிவாசல் என்றால் ஆக்ராவில் உள்ளது போல, அபுதாபியில் உள்ளது போல வெண்பளிங்கும் வெங்காயக் குவிமாடமுமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் நம் பிள்ளைகள் மனத்தில் பாடம் நடத்தாமலேயே பதிந்துவிடுகிறது. அந்தக் கண்ணோடு அவர்கள் தம் ஊர்ப் பள்ளியைப் பார்க்கும்போது, தட்டையான கூரையும் கருங்கல் தூண்களும் தாழ்ந்த வாயிலும் கொண்ட அக்கட்டடம் ஏதோ குறையுடையதாக, பழையதாக, ‘இன்னும் சரியாகக் கட்டப்படாததாக’த் தோன்றுகிறது. அவர்கள் வளர்ந்து ஜமாஅத் நிர்வாகத்தில் அமரும் நாளில், அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவோம் என்று தீர்மானம் நிறைவேற்றுவது எளிதாகிவிடுகிறது.

முதலில் ஓர் உண்மையை நினைவுபடுத்திக்கொள்வோம். நம் அலமாரிகளில் பள்ளிவாசலின் பக்கத்தில் பள்ளிவாசல் போலவே வீற்றிருக்கும் தாஜ்மஹால் பள்ளிவாசலன்று. 17ஆம் நூற்றாண்டில் மொகலாய மன்னர் ஷாஜஹான் தம் மனைவி மும்தாஜுக்கு எழுப்பிய கல்லறை மாளிகை. அதன் மேற்குப் புறத்தில் ஒரு பள்ளிவாசல் உண்டு. அதை யாரும் பொம்மையாகச் செய்து விற்பதில்லை. பளிங்கு என்று சொல்லி விற்கப்படும் மாதிரிகளுள் பலவும் எளிதில் செதுக்கக்கூடிய மாக்கல்லால் ஆனவை.

மதீனாவின் பச்சைக் குப்பா நம் உள்ளத்திற்கு மிக நெருக்கமானது. அதைக் கண்டதும் நம் நாவில் ஸலவாத் வருகிறது. ஆயினும், அதற்கும் ஒரு வரலாறு உண்டு. அந்த இடத்தில் முதன்முதலாகக் குவிமாடம் எழுந்தது 1279ஆம் ஆண்டில், மம்லூக் சுல்தான் கலாவூன் காலத்தில். அதற்குப் பச்சை வண்ணம் பூசப்பட்டது 1837இல், உதுமானியர் ஆட்சியில். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் திருக்கரங்களால் கல் சுமந்து கட்டிய பள்ளிவாசலுக்குக் குவிமாடமும் இல்லை, மினாராவும் இல்லை. சுடாத செங்கல் சுவர். பேரீச்ச மரத் தூண்கள். பேரீச்ச ஓலைக் கூரை. மழை பெய்தால் உள்ளே ஒழுகும்; ஸஜ்தாவில் நெற்றியில் சேறு படியும். பிலால் (ரலி) அவர்கள் பாங்கு சொன்னது அருகிலிருந்த ஒரு வீட்டின் மேற்கூரையிலிருந்துதான்.

ஆகவே, குவிமாடம் இல்லாத பள்ளி குறையுள்ள பள்ளி என்பதற்கு மார்க்கத்தில் எந்த ஆதாரமும் இல்லை. அந்தந்த மண்ணில் கிடைத்த பொருளைக் கொண்டு, அந்தந்த மண்ணின் கைவினைஞரைக் கொண்டு தூய்மையான தொழுகையிடத்தை அமைப்பதே முன்மாதிரி. மதீனாவில் அது பேரீச்ச மரம். கீழக்கரையில் அது கருங்கல்.

நம் மண்ணின் கல்லுப்பள்ளிகள்

சோழ மண்டலக் கரையிலும் பாண்டிய நாட்டுக் கரையிலும் கடல் வணிகம் செய்த மரைக்காயர்களும் லெப்பைகளும் தம் ஊர்களில் பள்ளிவாசல் கட்டியபோது கட்டடக் கலைஞர்களைக் கடல் கடந்து வரவழைக்கவில்லை. கோயில் மண்டபங்களை எழுப்பிய அதே மரபின் தச்சர்களிடமே பணியை ஒப்படைத்தனர். விளைவு, உலகில் வேறெங்கும் எளிதில் காணமுடியாத ஓர் அரிய கட்டடக்கலை. கீழக்கரை ஜும்ஆப் பள்ளி, காயல்பட்டினத்துப் பழம்பள்ளிகள், மதுரை காஜிமார் பெரிய பள்ளிவாசல், திருச்சி கோட்டை ரயில் நிலையத்தின் அருகிலுள்ள சிறிய கல்லுப்பள்ளி என இம்மரபின் சான்றுகள் பல ஊர்களிலும் பரவியுள்ளன.

கீழக்கரை ஜும்ஆப் பள்ளியின் உள்ளே நுழைபவர் முதலில் காண்பது தூண்களின் வரிசையை. அடியில் சதுரம், இடையில் பட்டை தீட்டிய உடல், மேலே கனத்த போதிகை. போதிகையின் முனையில் வாழைப்பூவைப் போலக் கவிழ்ந்து தொங்கும் பூமுனை. கூரை, கல் பலகைகளைப் பரப்பிய தட்டையான தளம். கூரை விளிம்பில் மழைநீரை வழித்துவிடும் வளைந்த கொடுங்கை. இவை அனைத்தும் தமிழ்நாட்டுக் கோயில் மண்டபங்களில் காணப்படுபவையே. ஆனால், கோயில் தூணில் தெய்வ உருவமும் யாளியும் நிற்கும் இடத்தில் இங்கே தாமரையும் கொடியும் இலைச்சுருளும் வடிவியல் கோலங்களும் நிற்கின்றன. உளியைப் பிடித்த கை மாறவில்லை. எதைச் செதுக்கலாம், எதைச் செதுக்கலாகாது என்ற வரம்பை மட்டும் நம் முன்னோர் மொழிந்தனர். சிற்பி அதை மதித்துத் தம் கலையின் வேறொரு வாயிலைத் திறந்தார்.

இந்தப் பள்ளியை மக்கள் வள்ளல் சீதக்காதியின் காலத்தோடு சேர்த்துப் பேசுவர். உமறுப் புலவரை ஆதரித்து, சீறாப்புராணம் தமிழுக்குக் கிடைக்க வழிவகுத்தவர் என்று நாம் போற்றும் அதே பெருமகனார். நாயகத்தின் வரலாற்றைத் தமிழ்க் காப்பிய மரபில் பாட வைத்த மனமும், நாயகத்தின் தொழுகையைத் தமிழ்க் கட்டட மரபில் நிலைநாட்டிய மனமும் ஒன்றே. நாம் சீறாவைப் பாதுகாக்கிறோம், பதிப்பிக்கிறோம், மாநாடு கூட்டிப் பேசுகிறோம். அதன் உடன்பிறப்பான கல்லுப்பள்ளியை மட்டும் பழைய கட்டடம் என்று தள்ளிவிடலாமா?

இம்மரபின் அருமையை உலகம் அறியாமல் இல்லை. மெஹர்தாத் ஷுக்கூஹி என்னும் கட்டடக்கலை வரலாற்றாசிரியர் காயல்பட்டினம், கீழக்கரை, மதுரை ஆகிய ஊர்களின் பள்ளிகளை அளந்து, வரைபடம் தீட்டி, தென்னிந்திய முஸ்லிம் கட்டடக்கலை பற்றிய பெருநூல் ஒன்றை 2003இல் வெளியிட்டார். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் நம் தூண்களை அங்குலம் அங்குலமாக அளந்து சென்றிருக்க, அத்தூண்களில் சாய்ந்து குர்ஆன் ஓதி வளர்ந்த நாம் அவற்றின் பாகங்களின் பெயரையும் அறியாமல் இருப்பது நமக்குப் பெருமை தருவதன்று.

குவிமாடம் எப்படி நம் அடையாளமாயிற்று

‘இஸ்லாமியத் தோற்றம்’ என்று நாம் இன்று எண்ணும் வடிவத்தின் ஒரு பகுதி ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் உருவானது என்பதையும் நம் வாசகர்கள் அறிந்துகொள்வது நலம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர்கள் மொகலாயக் குவிமாடங்களையும் வளைவுகளையும் ஐரோப்பியக் கட்டட அமைப்போடு கலந்து ஒரு பாணியை வகுத்தனர். இந்தோ-சாரசெனிக் என்று அதற்குப் பெயர். 1892இல் திறக்கப்பட்ட சென்னை உயர்நீதிமன்றக் கட்டடம் அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அதே பாணி கடல் கடந்து மலாயாவுக்கும் சென்றது. கோலாலம்பூரில் 1909இல் திறக்கப்பட்ட ஜாமிஉப் பள்ளிவாசலை வடிவமைத்தவர் ஹபக் என்னும் ஆங்கிலேயர்.

நம்மவர் கட்டிய பள்ளிகளும் அந்த அலைக்கு ஆட்பட்டன. பினாங்கில் 1801இல் காதிர் முகைதீன் மரைக்காயர் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் முதலில் எளிமையானதாகவே இருந்தது. இன்று அஞ்சலட்டைகளிலும் சுற்றுலா நினைவுப்பொருட்களிலும் நாம் காணும் அதன் மொகலாயத் தோற்றம் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஏற்பட்ட மாற்றம். கொழும்புக் கோட்டைக்கு அருகே, புறக்கோட்டையில் 1909இல் நிறைவுற்ற ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசலும் அக்கால உணர்வின் பிள்ளையே. சிவப்பும் வெள்ளையுமாக மாதுளம்பழம் போன்ற குமிழ்களோடு நிற்கும் அப்பள்ளியை அமைத்தவர் ஹபீபு லெப்பை சாயிபு லெப்பை. அது தனக்கே உரிய முகம் கொண்டது என்பதால் இன்றும் கொழும்பு வருவோர் அதன் படத்தை வாங்கிச் செல்கின்றனர்.

இவ்வடிவங்களை நாம் வெறுக்க வேண்டியதில்லை. அவையும் இன்று மரபாகிவிட்டன. ஆனால், அவைதாம் மார்க்கம் காட்டிய ஒரே வடிவம் என்று நம்பி, அவற்றுக்கும் முந்திய நம் கல்லுப்பள்ளிகளை அவற்றின் பொருட்டு இடிப்பது வரலாறு அறியாமையால் வரும் வினை. சீனாவின் சியான் நகரப் பெரிய பள்ளிவாசல் சீனத்து அடுக்குக் கூரையோடு நிற்கிறது. ஜாவாவின் தெமாக் பள்ளி மரத் தூண்களின்மேல் மூன்றடுக்குக் கூரையோடு நிற்கிறது. கோழிக்கோட்டு மிஷ்கால் பள்ளி மரமும் ஓடுமாக உயர்ந்து நிற்கிறது. இவற்றில் எதுவும் வெங்காயக் குவிமாடம் இல்லாமையால் தன் ஈமானை இழந்துவிடவில்லை.

இடிப்பதற்குச் சொல்லப்படும் காரணங்கள்

1970களுக்குப் பின் வளைகுடாப் பொருளீட்டலால் நம் ஊர்களுக்கு வசதி வந்தது. அல்லாஹ்வின் இல்லத்தைச் சிறப்பிக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு மக்கள் வாரி வழங்கினர். அந்த எண்ணத்திற்குரிய கூலி அல்லாஹ்விடம் உண்டு. ஆனால், ஊர் ஊராக நாம் கண்டது என்ன? கல் தூண்கள் பெயர்க்கப்பட்டுக் கொல்லைப்புறத்தில் கிடக்கின்றன. சில வேளை துணி துவைக்கும் கல்லாகின்றன. அவை நின்ற இடத்தில் எந்த ஊரிலும் இருக்கக்கூடிய, எந்த ஊருக்கும் உரியதல்லாத கான்கிரீட் கட்டடம் எழுகிறது. பள்ளியை வைத்து ஊரை அடையாளம் காண முடிந்த காலம் போய், பெயர்ப்பலகையைப் படித்து ஊரை அறியும் காலம் வந்துவிட்டது.

நிர்வாகிகள் கூறும் காரணங்களில் நியாயம் இல்லாமல் இல்லை. ஜும்ஆவுக்கு வருவோர் பெருகிவிட்டனர், இடம் போதவில்லை. கூரை ஒழுகுகிறது. பெண்களுக்குத் தனியிடம் வேண்டும். முதியோர் உளூச் செய்ய வசதி வேண்டும். இவை உண்மையான தேவைகள். தொழுவோரின் தேவையைவிடக் கல்லின் அழகு பெரிது என்று நாம் வாதிடவில்லை. பள்ளிவாசல் அருங்காட்சியகமன்று.

ஆனால், தேவையை நிறைவேற்ற இடிப்பதுதான் ஒரே வழி என்பதை நாம் ஏற்கவில்லை. அண்டை மாநிலத்தில் நல்ல முன்மாதிரி ஒன்று கண்முன் உள்ளது. கொடுங்கல்லூர் சேரமான் ஜும்ஆப் பள்ளியில், 1970கள் முதல் இடநெருக்கடியைக் காரணமாகக் கொண்டு முன்புறத்தில் கான்கிரீட் கட்டடமும் குவிமாடமும் மினாராக்களும் சேர்க்கப்பட்டன. அண்மை ஆண்டுகளில், முசிரிஸ் மரபுரிமைத் திட்டத்தின்கீழ் அந்தச் சேர்க்கைகள் அகற்றப்பட்டு, பழைய கேரளப் பாணித் தோற்றம் மீட்கப்பட்டது. கூடுதலாகத் தொழுவோருக்கு நிலத்தடியில் விரிந்த கூடம் அமைக்கப்பட்டது. இடமும் கிடைத்தது, மரபும் மீண்டது. மனமிருந்தால் வழி பிறக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

சிங்கப்பூரில் சூலியா முஸ்லிம்கள் என்று அழைக்கப்பட்ட நம் முன்னோர் 1820களின் பிற்பகுதியில் கட்டிய நாகூர் தர்கா கட்டடமும், சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள ஜாமிஆ சூலியா பள்ளியும் 1974இல் தேசிய நினைவுச்சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. தர்கா கட்டடம் இன்று இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக விளங்குகிறது. கடல் கடந்து சென்ற கிளைக்குக் கிடைத்த பாதுகாப்பு, தாய்மண்ணில் நிற்கும் வேருக்குக் கிடைக்க வேண்டாமா?

‘இது கோயில் போல இருக்கிறதே’

இளைஞர்கள் சிலர் மார்க்கப் பற்றோடு எழுப்பும் ஓர் ஐயத்திற்கும் இங்கு விடை கூறுவது கடமை. இத்தூண்கள் கோயில் தூண்களைப் போன்றிருக்கின்றனவே, இவற்றைப் போற்றுவது பிறமத ஒப்புமை ஆகாதா என்று அவர்கள் கேட்கின்றனர்.

போதிகை என்பது வழிபாட்டுச் சின்னமன்று. உத்தரத்தின் பாரத்தைத் தூணுக்கு இறக்கும் பொறியியல் உறுப்பு. கொடுங்கை மழையைத் தடுக்கும் உறுப்பு. ஒரு நாட்டின் கட்டட நுட்பம் எந்த மதத்தின் தனிச்சொத்தும் அன்று. குவிமாடத்தையும் முஸ்லிம்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ரோமர்களும் பைசாந்தியர்களும் பாரசீகரும் முன்பே கட்டியிருந்தனர். அவர்களிடமிருந்து பெற்றது ஆகுமென்றால், நம் அண்டை வீட்டுத் தச்சரிடமிருந்து பெற்றது மட்டும் எப்படி ஆகாததாகும்? நாகூரின் மினாராக்களுள் மிக உயர்ந்ததான 131 அடி மினாராவைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். ஒருவர் கொடையை மற்றவர் ஏற்று வாழ்ந்த வரலாறு அது. நாம் இந்த மண்ணுக்கு வந்தேறிகள் என்று கூறுவோர் பெருகிவரும் காலத்தில், நாம் இம்மண்ணிலேயே வேர்விட்டவர்கள் என்று கல்லே எழுந்து சாட்சி கூறும்போது, அந்தச் சாட்சியை நாமே உடைத்துப் போடுவது எவ்வளவு பேதைமை!

நினைவுப்பொருளுக்கு மார்க்கம் வகுக்கும் எல்லை

இப்போது அலமாரிக்கு வருவோம். நம் பள்ளிகளின் தூணையும் கதவையும் மிஹ்ராபையும் அழகிய நினைவுப்பொருட்களாகச் செய்து வீட்டில் வைக்கலாம் என்றே நாம் கூறுகிறோம். ஆனால் அதற்குச் சில எல்லைகள் உண்டு.

உருவம் செய்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்தபோது, செய்தே ஆகவேண்டுமெனில் மரங்களையும் உயிரற்றவற்றையும் செய்யுமாறு அவர்கள் அறிவுறுத்தினார்கள் என்று ஸஹீஹான அறிவிப்பில் வந்துள்ளது. கட்டடமும் தூணும் கொடியும் அந்த அனுமதிக்குள் அடங்குகின்றன. நம் முன்னோர் சிற்பிக்கு வகுத்த வரம்பும் அதுவே.

அதே வேளையில், எந்த மாதிரியும் பரக்கத் தரும் பொருள் ஆகிவிடாது. ஹஜ்ருல் அஸ்வதை முத்தமிட்ட உமர் (ரலி) அவர்களே, நீ நன்மையோ தீமையோ செய்ய இயலாத கல் என்பதை அறிவேன், நாயகம் முத்தமிட்டதைக் கண்டதால் மட்டுமே நானும் முத்தமிடுகிறேன் என்ற கருத்தைத் தெளிவாக அறிவித்துவிட்டார்கள். கஅபாவில் பதிக்கப்பட்ட கல்லின் நிலையே அதுவென்றால், அலமாரியில் இருக்கும் பிளாஸ்டிக் கஅபாவுக்கு முத்தமிடுவதும், அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதும், வீட்டைக் காக்கும் என்று நம்புவதும் எத்தகையவை என்பதை விளக்க வேண்டியதில்லை. கீழக்கரைத் தூணின் மாதிரிக்கும் இதே சட்டம்தான்.

தொழுகை விரிப்பைப் பற்றியும் ஒரு சொல். பல முஸல்லாக்களில் கஅபாவும் குவிமாடங்களும் பல வண்ணங்களில் நெய்யப்பட்டு வருகின்றன. நபி (ஸல்) அவர்கள் கோலங்கள் உள்ள ஓர் ஆடையில் தொழுதபோது, அக்கோலங்கள் கவனத்தை ஈர்த்ததால், அதை அபூஜஹ்ம் (ரலி) அவர்களிடம் திருப்பி அனுப்பிவிட்டு அவருடைய எளிய ஆடையைப் பெற்றுவரச் செய்தார்கள் என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். அழகு சுவரில் இருக்கட்டும். ஸஜ்தாச் செய்யும் இடம் எளிமையாக இருக்கட்டும்.

மலிவான அலங்காரப் பொருட்களில் அல்லாஹ்வின் திருநாமத்தையும் குர்ஆன் வசனங்களையும் பொறிப்பதைத் தவிர்ப்பதும் பேணுதலாகும். திருமணத்தில் ஐந்நூறு பேருக்கு வழங்கப்பட்ட பொருள் ஓராண்டில் உடையும், குப்பைக்குப் போகும். அதில் திருவசனம் இருந்தால் அந்த அவமதிப்புக்கு வழிவகுத்தவர் யார்? ஒரு பூமுனையின் உருவத்திற்கு இந்த அபாயம் இல்லை.

எதைச் செய்யலாம், யாரைக் கொண்டு செய்யலாம்

நம் கைவினை மரபு இன்னும் அழிந்துவிடவில்லை. திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் தாமிரபரணிக் கரையின் கோரையை நீரில் ஊறவைத்து, பட்டுப்போல் மெலிதாகக் கிழித்துப் பாய் நெய்பவர்கள் பெரும்பாலும் லெப்பைக் குடும்பத்துப் பெண்கள். மணமக்களின் பெயரையும் திருமண நாளையும் பாயிலேயே நெய்து தரும் வழக்கம் அங்கு நெடுநாளாக உண்டு. புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பாயின் ஓரத்தில் ஊர்ப் பள்ளியின் கொடிக்கருக்கு வரிசையை நெய்து தரச்சொல்லி, அதைச் சுவரில் தொங்கவிடும் அளவில் பெற்றால், அதைவிடச் சிறந்த திருமண நினைவுப்பொருள் எது? அழகும் கிடைக்கும், நம் சகோதரிகளின் அடுப்பும் எரியும்.

மாமல்லபுரத்துக் கற்சிற்பிகள் ஒரு சாண் உயரக் கருங்கல் தூணைப் போதிகையோடும் பூமுனையோடும் செதுக்கித் தர வல்லவர்கள். காரைக்குடித் தச்சர்கள் பழைய பள்ளிக் கதவின் ஒரு பலகையை மரத்தில் மீட்டெடுத்துத் தர வல்லவர்கள். மதரஸா பிள்ளைகளுக்கு அட்டையை வெட்டி ஒட்டிப் பள்ளியின் மாதிரியைச் செய்யும் பயிற்சியை விடுமுறை நாட்களில் வைக்கலாம். தூணை எண்ணி ஒட்டிய பிள்ளை அந்தத் தூணை மறக்காது.

ஒவ்வொரு பொருளின் பின்புறத்திலும் பள்ளியின் பெயர், ஊர், தெரிந்த அளவில் கட்டப்பட்ட காலம், அந்த உறுப்பின் தமிழ்ப்பெயர் ஆகியவற்றைப் பொறித்துவிட வேண்டும். விருந்தினர் கையில் எடுத்து இது என்ன என்று கேட்கும்போது, வீட்டுப் பிள்ளை விடை கூற வேண்டும். பேச்சைத் தொடங்கி வைக்காத நினைவுப்பொருள் தூசி படிவதற்கு மட்டுமே பயன்படும். அளவும் முக்கியம். ஆதமுடைய மக்களை அலங்கரித்துக்கொள்ளச் சொன்ன அதே வசனத்திலேயே வீண்விரயம் செய்யாதீர்கள் என்றும் அல்லாஹ் எச்சரிக்கிறான். எனவே, வீட்டுக்கு ஒரு நல்ல பொருள் போதும்.

கட்டடத்தைக் காக்காத நினைவுப்பொருள் மீஸான் கல்லே

இத்தனையும் கூறிய பின் ஓர் எச்சரிக்கை. கட்டடத்தை இடித்துவிட்டு அதன் மாதிரியை விழாவில் பரிசாக வழங்கும் நிலை வந்துவிடக் கூடாது. அப்படிப்பட்ட நினைவுப்பொருள் கப்ரின் தலைமாட்டில் நடப்படும் மீஸான் கல்லுக்கு ஒப்பாகும். இன்னார் இங்கே இருந்தார் என்று மட்டுமே அது சொல்லும்.

மாலி நாட்டின் ஜென்னே நகரத்துப் பெரிய பள்ளிவாசல் முழுவதும் மண்ணால் ஆனது. ஒவ்வொரு மழைக்கும் அது கரையும். ஆண்டுதோறும் ஊரார் அனைவரும் கூடி, சேறு குழைத்து, கைகளாலேயே அதற்குப் புதிதாகப் பூச்சு பூசுகின்றனர். 1907இல் மீண்டும் கட்டப்பட்ட அந்த மண் பள்ளி இன்றும் நிற்பதற்கு அந்தக் கைகளே காரணம். கரையும் மண்ணை ஓர் ஊர் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் காக்க முடியும் என்றால், கரையாத கல்லைக் காக்க நம்மால் இயலாதா?

ஆகவே, நம் ஜமாஅத்துகளிடம் நாம் சில வேண்டுகோள்களை வைக்கிறோம். பழைய பள்ளியில் எந்த வேலை தொடங்கும் முன்பும் அதை முழுமையாக அளந்து, படமெடுத்து, ஆவணமாக்குங்கள். பழங்கட்டடங்களைச் செப்பனிடுவதில் பயிற்சியுள்ள பொறியாளரின் கருத்தைக் கேளுங்கள்; ஒழுகும் கூரைக்குத் தீர்வு உண்டு. விரிவாக்கம் தேவையெனில் பழைய தொழுகைக் கூடத்தை அப்படியே நிறுத்தி, பக்கத்திலோ பின்னாலோ கட்டுங்கள். தவிர்க்கவே முடியாமல் ஒரு தூணைப் பெயர்க்க நேர்ந்தால் அதைப் புதிய பள்ளியின் முன்மண்டபத்தில் நிறுத்துங்கள். அது வக்ஃபுச் சொத்து. வக்ஃபு செய்தவர் மறைந்துவிட்டார். அவருடைய கூலி மறையவில்லை. அந்தக் கல்லுக்கு நாம் உரிமையாளர்கள் அல்லர், பொறுப்பாளர்கள் மட்டுமே.

பள்ளிவாசல்களைக் கொண்டு மக்கள் ஒருவருக்கொருவர் பெருமையடித்துக்கொள்வது மறுமை நாளின் அடையாளங்களுள் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். அடுத்த ஊரைவிட உயரமான மினாரா வேண்டும் என்று நிதி திரட்டும்போது அந்த எச்சரிக்கையை நினைவில் கொள்வோம். மரபைக் காக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு அதையும் ஒரு பெருமைப் போட்டியாக ஆக்கிவிடாமலும் இருப்போம். பள்ளியின் உண்மையான அழகு அதில் நிறைந்திருக்கும் ஸஃப்புகளே. அந்த ஸஃப்புகள் நூற்றாண்டுகளாக எங்கே நின்றன என்று நம் பிள்ளைகளுக்குக் காட்டவே தூண்கள் வேண்டும்.

வரும் விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ உள்ள பழம்பள்ளி ஒன்றில் இரண்டு ரக்அத் தொழுங்கள். தொழுத பின் ஒரு தூணைக் காட்டி, போதிகை எது, பூமுனை எது என்று சொல்லிக்கொடுங்கள். நினைவைக் காக்கும் பணி அங்கே தொடங்கும். அலமாரிக்குப் பொருள் அதன் பின் தானே வரும்.

நம் முன்னோர் எழுப்பிய இல்லங்களைத் தொழுகையாலும் பராமரிப்பாலும் உயிர்ப்போடு வைத்திருக்கும் நற்பேற்றை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.